தலையெழுத்தல்ல, எழுத்துத் தடை

சென்ற வருஷம் விசைத்தறி ஓட்டும் தோழர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்திருந்தார். பையன் ஒரு கலாசாலையில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கின்றவன். அந்தக் குடும்பத்தில் கலாசாலை வாசற்படியை மிதித்த முதல் ஆள் அவன்தான். மூன்று பாடங்களில் அரியர் விழுந்துவிட்டது. "இவன் படிப்பை நிறுத்தித் தறியிலேயே போட்டுவிடலாமா, ஐயா?" என்று நம்மைக் கேட்டுப் போகவே தகப்பனார் வந்திருந்தார்.

காரணம் என்னவென்று கேட்டோம். கலாசாலை ஆசிரியர் ஒருவர், "உங்கள் மகனுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது, வீண் செலவு செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டாராம். ஜோசியரிடம் போனதில் அவர், "ஜாதகத்தில் புதன் கெட்டிருக்கிறான், பரிகாரம் செய்ய வேண்டும்" என்று சொல்லி ஒரு தொகையை வாங்கிக்கொண்டாராம். சொந்தக்காரர்களோ, "போன ஜன்மத்தில் யார் படிப்பைக் கெடுத்தானோ, இந்த ஜன்மத்தில் அனுபவிக்கிறான்" என்றார்களாம். இவ்வளவையும் தகப்பனார் சொல்லி முடிக்கும் வரையில் பையன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

நாம் அவனிடம் படிப்பைப் பற்றிக் கேட்காமல் தறியைப் பற்றிக் கேட்டோம். அவ்வளவுதான்! அரைமணி நேரம் பேசினான். பாவு நூல் அறுந்தால் தறி தானாகவே நிற்பதற்குத் தான் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைக் காரண காரியத்தோடு நமக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னான். பிறகு அவனுடைய பாடப் புஸ்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னோம். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. வரி தவறினான். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வாசித்தான். என்ன வாசித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதே பக்கத்தை நாம் உரக்க வாசித்துக் காட்டினோம். வாசித்து முடிந்ததும் அதன் சாரத்தை நம்மைவிட ஒழுங்காக எடுத்துச் சொன்னான்.

இந்தப் பையனுக்கா மூளை இல்லை? வாசகர்களே யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

நாம் வைத்தியரல்ல. ஆகையால், தக்கவர்களிடம் பரிசோதனை செய்து கொள்ளும்படி சொல்லி அனுப்பினோம். பரிசோதித்தவர்கள் அது டிஸ்லெக்ஸியா என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபது வயது வரையில் அந்தப் பெயரை அவன் காதில் யாரும் போட்டதில்லை. மக்கு என்ற பெயரை மட்டும் பதினைந்து வருஷமாகப் போட்டிருக்கிறார்கள்.

இது என்ன கோளாறு?

டிஸ்லெக்ஸியா என்பது கண் கோளாறுமல்ல, புத்திக் குறைவுமல்ல, சோம்பேறித்தனமுமல்ல. பேச்சிலுள்ள ஓசைகளைத் தனித்தனியே பிரித்து உணர்ந்து, அந்த ஓசைகளை எழுத்தோடு சட்டென்று சேர்த்துக்கொள்ளும் வேலை சிலருடைய மூளைக்குச் சுலபமாய் வருவதில்லை. பேச்சு குழந்தைக்குத் தானாக வருவது. எழுத்தோ மனிதன் சில ஆயிரம் வருஷங்களுக்கு முன் உண்டாக்கிக்கொண்ட ஒரு கருவி. அதை ஒவ்வொரு மூளையும் புதிதாகப் பழகித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கம் சிலருக்குச் சீக்கிரம் கைகூடுகிறது. சிலருக்கு வெகு சிரமத்தின் மேல் கைகூடுகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது இருப்பதையும் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கின்றார்கள். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது இருக்கலாமென்று பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்புமல்ல. ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1880-களிலேயே டிஸ்லெக்ஸியா என்ற பெயரை உண்டாக்கினார். 1896-ல் இங்கிலாந்தில் சீஃபோர்ட் என்ற ஊரிலிருந்த பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். புத்திசாலிப் பையன், கண் நன்றாயிருந்தது, கணக்கு வந்தது, எழுத்தைப் படிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய் மூலமாகவே நடக்குமானால் பள்ளிக்கூடத்தில் அவனே முதல்வனாயிருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயர் சொன்னதையும் அந்த டாக்டர் குறித்திருக்கிறார். நூற்றிருபது வருஷங்களுக்கும் முன்பே ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயருக்குத் தெரிந்த விஷயம், இன்றைய கலாசாலைப் பேராசிரியர்கள் பலருக்குத் தெரியவில்லையென்றால் மண்டையில் ஏறாதது யாருக்கு என்று கேட்கின்றோம்.

பாஷைக்குத் தக்கபடி இதன் தோற்றமும் மாறும். இங்கிலீஷில் ஒரே எழுத்துக் கூட்டத்துக்கு நாலு விதமான உச்சரிப்பு உண்டாகையால், அங்கே இந்தக் கோளாறு உடையவர்கள் தப்பும் தவறுமாக வாசிப்பார்கள். இத்தாலி, ஜெர்மன் போன்ற ஒழுங்கான எழுத்து முறையுள்ள பாஷைகளில் தப்பு குறைவாயிருக்கும். ஆனால் வாசிப்பு நத்தை வேகத்தில் நடக்கும். தமிழ் எழுத்தும் பெரும்பாலும் ஒழுங்கானதே. ஆகையால் நம் பிள்ளை ல, ள, ழவிலும், ர, றவிலும், ந, ன, ணவிலும் தடுமாறினாலும், மெள்ள மெள்ளப் படித்தும் மனப்பாடம் செய்தும் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எப்படியோ தாண்டிவிடுகிறான். கலாசாலைக்கு வந்ததும் பாடமெல்லாம் இங்கிலீஷில். புஸ்தகம் ஒவ்வொன்றும் தலையணை கனம். மனப்பாடம் அங்கே கை கொடுப்பதில்லை. அதுவரையில் மூடிக் கிடந்த புண் அங்கேதான் வாய் திறக்கிறது. "பள்ளியில் நன்றாகத்தானே படித்தான், கலாசாலைக்குப் போய்க் கெட்டுவிட்டான்" என்று பெற்றோர்கள் நினைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

எழுத்து மனிதனுக்காகவே ஒழிய, மனிதன் எழுத்துக்காக அல்ல. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கோணல் வடிவங்களை 1935-ல் பெரியார் தமது பத்திரிகையில் மாற்றி அச்சடித்தபோது பண்டிதர்கள் பரிகாசம் செய்தார்கள். 1978-ல் தமிழ்நாட்டு சர்க்காரே அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. எழுத்தின் புனிதம் போய்விடவில்லை. படிக்கிறவன் பாடுதான் கொஞ்சம் குறைந்தது. எழுத்தை மனிதனுக்காக மாற்றலாமென்றால், எழுத்தைச் சொல்லிக் கொடுக்கும் முறையை மனிதனுக்காக ஏன் மாற்றக்கூடாது?

கப்பலேறினால் அழியும் தலையெழுத்து

கர்மம், விதி, தலையெழுத்து, சரஸ்வதி கடாட்சம் என்று பேசுகிறவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். இதே கோளாறுடைய பிள்ளை இங்கிலாந்தில் பிறந்தால் சர்வகலாசாலையில் சேர்ந்து படித்துப் பட்டம் வாங்குகிறான், வக்கீலாகிறான், வைத்தியனாகிறான். இங்கே பிறந்தவன் பாதியில் நின்று தறிக்கும் ஓட்டலுக்கும் போகிறான். போன ஜன்மத்துப் பாவம் என்பது உண்மையானால், கப்பலேறிக் கடல் தாண்டியதும் அந்தப் பாவம் எப்படிக் கழுவப்பட்டது? பிரமன் எழுதிய தலையெழுத்து வெள்ளைக்காரன் ஊர்த் தண்ணீர் பட்டதும் அழிந்துவிடுமா? அங்கே சொல்லிக் கொடுக்க ஆள் வைத்தான், இங்கே வைக்கவில்லை என்பதைத் தவிர இதில் வேறு என்ன தெய்வ ரகசியம் இருக்கிறது?

வேறொரு விதமான மூட நம்பிக்கையும் இப்போது புறப்பட்டிருக்கிறது. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களெல்லாம் மேதைகள் என்றும், ஐன்ஸ்டைனுக்கும் அது இருந்ததென்றும் சிலர் பிரசாரம் செய்கின்றார்கள். ஐன்ஸ்டைனுக்கு அது இருந்ததென்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. மற்றவர்களைப் போலவே இவர்களிலும் கெட்டிக்காரர் உண்டு, சாதாரணமானவரும் உண்டு. மேதையாயிருந்தால்தான் உதவி செய்வோம் என்பது உதவியல்ல. நிறக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், கண் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கின்றார்கள். இவற்றுக்குத் தக்க ஆதாரமில்லையென்று அமெரிக்காவின் குழந்தை வைத்தியர் சங்கமும் கண் வைத்தியர் சங்கங்களும் 2009-லேயே சேர்ந்து அறிக்கை விட்டிருக்கின்றன. தாயத்து விற்கிறவன் கோட்டுப் போட்டுக்கொண்டால் விஞ்ஞானியாகிவிட மாட்டான்.

இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் சர்வகலாசாலையில் படிக்கும் ஊனமுற்ற மாணவர்களுக்கென்று சர்க்கார் ஒரு தனி உதவித் தொகை கொடுக்கிறது. பார்வையில்லாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், மனநோயுள்ளவர் ஆகியவர்களோடு டிஸ்லெக்ஸியா உள்ளவர்களும் அதற்கு உரியவர்கள். அது கடனல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. தகப்பன் வருமானம் எவ்வளவு என்று பார்த்துக் கொடுப்பதுமல்ல. 2010-ம் வருஷத்துச் சமத்துவச் சட்டப்படி, சர்வகலாசாலைகள் இப்படிப்பட்ட மாணவர்களுக்கு வேண்டிய மாறுதல்களைச் செய்து கொடுத்தே தீர வேண்டும். மாணவன் வந்து கெஞ்சும் வரையில் காத்திராமல், வருவான் என்று எண்ணி முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

அந்தத் தொகையிலிருந்து கிடைக்கும் உதவிகளில் முக்கியமானது, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் மாணவனோடு தனியே உட்கார்ந்து படிக்கும் வழியைச் சொல்லிக் கொடுப்பதாகும். இது நம் ஊர் டியூஷன் அல்ல. டியூஷன் வாத்தியார் பாடத்தை இரண்டாம் தடவை ஓட்டுவார். முக்கியமான கேள்விகளைக் குறித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுவார். இந்த ஆசிரியர் பாடத்தைத் தொடுவதேயில்லை. பௌதிகமோ சட்டமோ அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. அவர் கற்றுக் கொடுப்பதெல்லாம் கற்கும் விதத்தைத்தான்.

எப்படியென்றால், நாற்பது பக்கம் படிக்க வேண்டியிருந்தால் முதல் வரியிலிருந்து விழுந்து விழுந்து படிக்க வேண்டியதில்லை; கேள்வியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, தலைப்புகளையும் முடிவுரையையும் பார்த்து, வேண்டிய இடத்தை மாத்திரம் தேடிப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். கட்டுரைக் கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரித்து, என்ன கேட்கிறார்கள், எதை விளக்கச் சொல்லுகிறார்கள், எதை ஒப்பிடச் சொல்லுகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழக்குகிறார். நினைத்ததை முதலில் வாயால் சொல்லச் செய்து, அதைப் படமாகவோ கிளை கிளையாகவோ தாளில் போடச் செய்து, பிறகே வாக்கியமாக்கச் சொல்லுகிறார். புஸ்தகத்தை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டரையும், பேசியதை எழுத்தாக்கும் கருவியையும், வகுப்புப் பேச்சைப் பதிவு செய்யும் முறையையும் பழக்குகிறார். டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் பலருக்குக் காலக் கணக்கும் காரிய வரிசையும் பிடிபடுவதில்லை. ஆகையால், ஒரு மாதத்தில் கொடுக்க வேண்டிய கட்டுரைக்கு இந்த வாரம் என்ன, அடுத்த வாரம் என்ன என்று திட்டம் போடவும் கற்றுக் கொடுக்கிறார்.

கட்டுரையை அவர் எழுதித் தருவதில்லை, விஷயத்தைத் திருத்துவதுமில்லை. அது அவருக்கு விலக்கு. மாணவன் தானே செய்துகொள்ளப் பழகி, கடைசியில் ஆசிரியர் தேவையில்லாமல் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். சிஷ்யனைச் சாகும் வரை காலில் விழ வைக்கும் குருமார்களையே கண்டு பழகிய நம் நாட்டுக்கு, தன்னைத் தேவையில்லாதவனாக்கிக் கொள்வதே தன் வேலை என்று நினைக்கும் ஆசிரியன் அதிசயமாகத்தான் தோன்றுவான்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. விண்ணப்பத் தாள்கள் ஏராளம். பரிசோதனைக்கும் உத்திரவுக்கும் காத்திருந்து, முதல் பருவமே கழிந்து போய்விட்டதென்று குறை சொல்லும் மாணவர்கள் உண்டு. 2015-ல் கம்ப்யூட்டருக்கு முதல் 200 பவுனை மாணவனே போட வேண்டுமென்று சர்க்கார் கையைச் சுருக்கிக்கொண்டது. அடுத்த வருஷம் குறிப்பெடுத்துக் கொடுப்பவர் போன்ற சில உதவிகளின் செலவைச் சர்வகலாசாலைகளின் தலையில் தள்ளிவிட்டது. ஆனாலும், கற்றுக் கொடுப்பது நம் கடமை, மாணவனுடைய தலைவிதியல்ல என்ற கொள்கை அங்கே சட்டமாய் நிற்கிறது.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள் மாத்திரம் சொல்லப்பட்டிருந்தன. டிஸ்லெக்ஸியா அதிலில்லை. 2016-ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக விரித்து, டிஸ்லெக்ஸியா உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளையும் சேர்த்தது. நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத ஊனமுள்ளவர்களுக்குச் சர்க்கார் கலாசாலைகளிலும் உதவி பெறும் கலாசாலைகளிலும் நூற்றுக்கு 5 இடத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டுமென்றும் அதில் கண்டிருக்கிறது. பரீக்ஷையில் மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் அதிக நேரம் கொடுக்கவும், சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துக்கொள்ளவும் 2018-ல் மத்திய சர்க்கார் விதி வெளியிட்டது.

இந்த அளவுக்குக் கூடக் கோர்ட்டு வாசலில் நின்றுதான் வாங்க வேண்டியிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறுள்ள ஒருவருக்கு, அவருடைய ஊனம் 40 பங்கு இல்லையென்று சொல்லி, சிவில் சர்வீஸ் பரீக்ஷையில் எழுத ஆள் கொடுக்க மறுத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2021 பிப்ரவரியில், 40 பங்கு என்ற கணக்கு இட ஒதுக்கீட்டுக்குத்தான், எழுத ஆள் வைத்துக்கொள்வதற்கு அந்தக் கணக்குத் தேவையில்லையென்று தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷத்தில் எழுத்து வராத கோளாறுள்ள ஒரு மாணவிக்கு, நீட் பரீக்ஷையில் சேர வேண்டிய அதிகப்படி ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது அநீதியென்று நவம்பரில் அதே கோர்ட்டு சொல்லிற்று. ஆனால் மறுபரீக்ஷை கிடைக்கவில்லை. பரீக்ஷை நடத்தியவர்களே பரிகாரம் யோசிக்க வேண்டுமென்று உத்திரவாயிற்று.

இவையெல்லாம் நல்லவைதான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் கொடுப்பதாகச் சொல்லும் சலுகைகளில் பெரும்பாலானவை கலாசாலைக்குள் நுழைகிற நாளையும் பரீக்ஷை நாளையும் பற்றியவைகளே. இடையிலுள்ள மூன்று வருஷத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? அதைக் கேட்பாரில்லை. நீந்தக் கற்றுக் கொடுக்காமல் ஒருவனை ஆற்றில் தள்ளிவிட்டு, "நீ கரை சேர மற்றவர்களைவிட இருபது நிமிஷம் அதிகம் எடுத்துக்கொள்ளலாம்" என்று கரையில் நின்றுகொண்டு தாராளம் பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? படிக்கத் தெரியாத பாடத்தை எழுத நாலு மணி நேரம் கொடுத்தாலென்ன, நாற்பது மணி நேரம் கொடுத்தாலென்ன?

சர்வகலாசாலை மானியக் குழு 2022-ல் இதற்கென்று வழிகாட்டி நெறிகள் வெளியிட்டிருக்கிறது. சமவாய்ப்பு மையம் என்று பல கலாசாலைகளில் பலகையும் தொங்குகிறது. பலகைக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா, அந்த ஆளுக்குப் பயிற்சி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விசேஷக் கல்வி ஆசிரியர்களுக்கு நம் நாட்டில் அளிக்கப்படும் பயிற்சியும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே. பிள்ளை பதினெட்டு வயதைத் தாண்டியதும் கோளாறும் அவனை விட்டுப் போய்விடுவதாக எண்ணம் போலும்! டிஸ்லெக்ஸியா ஆயுள் பரியந்தம் இருப்பது. வழிகளைக் கற்றுக்கொள்ளலாமேயொழிய, அது அம்மை போல வந்து இறங்கிப் போவதல்ல.

யாருக்கு டிஸ்லெக்ஸியா, யார் மக்கு?

எல்லாவற்றிலும் கொடுமையான விஷயத்துக்கு இப்போது வருவோம். 2011 ஜனக் கணக்கில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர் என்று கண்டிருக்கிறது. அந்தக் கணக்கில் கற்றல் குறைபாட்டுக்கென்று தனி இடமே இல்லை. கணக்கில் வராதவனுக்குச் சர்க்கார் பணத்தில் பங்கு எங்கிருந்து வரும்?

கணக்கில் வர வேண்டுமானால் பரிசோதனை வேண்டும், சர்டிபிகேட் வேண்டும். பட்டணத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை எட்டு வயதில் தடுமாறினால் தாயார் உடனே நிபுணரிடம் அழைத்துப் போகிறார். சென்னையில் 1991-ல் ஆரம்பித்த மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற ஸ்தாபனங்கள் நல்ல வேலை செய்து வருகின்றன. ஆனால் அந்த வாசலின் விலாசமே கிராமத்துத் தறிக்காரருக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒரே கோளாறுக்கு நம் நாட்டில் இரண்டு பெயர் வழங்குகிறது. பணமுள்ளவன் பிள்ளைக்கு வந்தால் டிஸ்லெக்ஸியா. பரிதாபம், சலுகை, தனி ஆசிரியர். ஏழை பிள்ளைக்கு வந்தால் மக்கு. பிரம்பு, பரிகாசம், தறி. அதோடும் விடுவதில்லை. "அந்தச் சாதிக்குப் படிப்பு வராது, எத்தனை சலுகை கொடுத்தாலும் இவ்வளவுதான்" என்று அவன் கோளாறை அவன் பிறவியின் மேலேயே ஏற்றிவிடுகின்றார்கள். மேல்சாதிப் பிள்ளை தடுமாறினால் அது அவன் ஒருவனுடைய மூளையைப் பற்றிய செய்தி. கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை தடுமாறினால் அது அவன் சாதி முழுவதுக்கும் தீர்ப்பு! இதைவிடப் பெரிய பித்தலாட்டம் உண்டா?

ஆட்சேபணைகள்

"இப்படி உதவி செய்தால் தகுதியும் திறமையும் என்னாவது?" என்று சிலர் கண்ணீர் விடுகின்றார்கள். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பரீக்ஷை எழுதுகிறவனைப் பார்த்து, "கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன் சொந்தத் திறமையைக் காட்டு" என்று யாராவது சொல்லுகிறார்களா? பரீக்ஷை எதை அளக்க வேண்டும்? பௌதிகப் பரீக்ஷை பௌதிகத்தை அளக்க வேண்டும். வேகமாய்ப் படிக்கும் கண்ணையும் கோணாமல் எழுதும் கையையும் அளந்துவிட்டு, அதற்குத் திறமையென்று பெயர் வைத்தால் தராசுதான் கள்ளத் தராசு. தனி ஆசிரியர் வைப்பதால் மாணவனுக்கு ஒரு மார்க்கும் இனாமாகக் கிடைப்பதில்லை. அவன் உழைத்து வாங்கும் மார்க்குக்கு இருந்த தடை நீங்குகிறது, அவ்வளவே.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது இரண்டாவது ஆட்சேபணை. மூன்று வருஷம் படிக்க வைத்து, பட்டமில்லாமல் வெளியே அனுப்புவதற்குச் செலவாகும் பணம் யாருடைய பணம்? அதுவும் ஏழையின் வரிப்பணமும் கடன் பணமும்தானே. முழுச் செலவும் செய்து பாதிப் பலனும் வராமலிருப்பதைவிட, இன்னும் கொஞ்சம் செலவு செய்து முழுப்பலன் பெறுவதுதான் சிக்கனம்.

"பொய்ச் சர்டிபிகேட் வாங்கிவிடுவார்கள்" என்பது மூன்றாவது. வாங்குகிறவர்கள் இருக்கலாம். ஆனால் பொய்ச் சர்டிபிகேட்டுக்காரன் தேடுவது இடத்தையும் அதிக நேரத்தையும்தான். வாரந்தோறும் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து பாடுபட அவன் வர மாட்டான். ஆகவே உண்மையாய்த் தேவைப்பட்டவனுக்கு மாத்திரம் உதவக்கூடியது சொல்லிக் கொடுத்தலே என்பது இந்த ஆட்சேபணையினாலேயே ருசுவாகிறது.

செய்ய வேண்டியது என்ன?

மாற்றுத் திறனாளிகள் என்று பெயரை மரியாதையாய் மாற்றியது நல்லதே. பெயர் மாறியது போல் நடத்தையும் மாற வேண்டும். ஒவ்வொரு சர்வகலாசாலையிலும், அதைச் சேர்ந்த கலாசாலைகள் சிலவற்றுக்கு ஒன்றாகவாவது, பயிற்சி பெற்ற தனி ஆசிரியர்களைச் சர்க்கார் சம்பளத்தில் நியமிக்க வேண்டும். அவர்கள் டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கு மாத்திரமல்ல, எல்லா ஊனமுற்ற மாணவர்களுக்கும் வேண்டியவர்கள். பார்வையில்லாத மாணவனுக்குப் புஸ்தகத்தை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர், வரைபடத்தையும் கணக்குச் சமன்பாட்டையும் காட்டத் திணறுகிறது. அங்கே தொட்டுணரும் படமும் அதைச் சொல்லித் தரும் ஆளும் வேண்டும். காது கேளாத மாணவிக்குச் சைகை மொழி தெரிந்தவர் வகுப்பில் வேண்டும்; இல்லையேல் மூன்று வருஷமும் அவள் வாயசைவைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கலாசாலையில் சேரும்போதே, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாக, தமிழிலேயே பரிசோதனை செய்து கொள்ள ஏற்பாடு வேண்டும். இங்கிலீஷ் தெரியாததையும் டிஸ்லெக்ஸியாவையும் ஒன்றாய்க் குழப்பாமலிருக்க அதுவே வழி. வகுப்புப் பாடங்களைப் பதிவு செய்துகொள்ள மாணவனுக்கு உரிமை கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. எல்லா ஆசிரியர்களுக்கும், "மண்டையில் ஏறாது" என்று சொல்லுமுன் யோசிக்க வேண்டியவை இவை என்று ஒரு நாளாவது பாடம் நடத்த வேண்டும்.

நம் தோழர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊர் மன்றத்திலும் படிப்பகத்திலும் மாலையில் ஒரு மணி நேரம் பாடப் புஸ்தகங்களை உரக்க வாசிக்க ஒருவர் முன்வரலாம். அது பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு ஈடாகாது. ஆயினும் ஜோசியரைவிட ஆயிரம் மடங்கு மேல். பெற்றோர்கள் பரிகாரத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும். மாணவர்களே! உங்கள் கோளாறை மறைக்காதீர்கள். கண்ணாடி போடுகிறவன் வெட்கப்படுவதில்லை; நீங்கள் மாத்திரம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நம்மிடம் வந்த பையன் என்னவானான் என்று வாசகர்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கை பாடங்களை வாசித்துப் போனில் பதிவு செய்து கொடுக்கிறாள். விடுமுறை நாட்களில் தறியடியில் நின்றுகொண்டே அவன் கேட்கிறான். இதில் பழக்கமுள்ள ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு உட்காருகிறார். மூன்று அரியரில் ஒன்றைச் சென்ற பரீக்ஷையில் தாண்டிவிட்டான். இரண்டு பாக்கி இருக்கிறது. இதில் அற்புதம் ஒன்றுமில்லை; யாருடைய கடாட்சமும் இல்லை. ஒரு சிறு பெண்ணின் குரலும், ஒரு கிழவரின் ஞாயிற்றுக்கிழமையும், அவனுடைய உழைப்பும்தான். ஒரு குடும்பம் இவ்வளவு செய்ய முடியுமானால், கோடிக்கணக்கில் பணத்தை வைத்துக்கொண்டிருக்கும் சர்க்காரும் சர்வகலாசாலைகளும் இதுவரை செய்யாமலிருப்பதற்கு என்ன சமாதானம் சொல்லப்போகின்றன?